சுற்றுலாக் கடற்கரையில் மணல் குறைந்துகொண்டே போனால் என்ன செய்வது?

கேட்கப்பட்டது இது: கரையை ஒட்டி விடுதிகள் வரிசையாக நிற்கும் ஒரு கடற்கரையில் ஆண்டுக்கு ஆண்டு மணல் குறைகிறது. விடுதிக்காரர்கள் கருங்கல் சுவர் கேட்கிறார்கள். உள்ளாட்சி நிர்வாகம் மணல் கொண்டுவந்து கொட்டலாம் என்கிறது. வேறு சிலர் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு போட்டால் போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?

மூன்றுமே சில இடங்களில் சரியான தீர்வுதான். தப்பான இடத்தில் செய்தால் மூன்றுமே வீண் செலவு. உங்கள் கரைக்கு எது பொருந்தும் என்று தெரிய, மணல் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது, இப்போது எங்கே போகிறது என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும். அந்த விடை இல்லாமல் கட்டப்பட்ட பெரும்பாலான கட்டுமானங்கள் அரிப்பை நிறுத்தவில்லை. அடுத்த ஊர்க் கரைக்கு நகர்த்திவிட்டன.

மணலின் வரவு செலவு

கடற்கரை மணல் இரண்டு திசைகளில் நகர்கிறது. அலை கரைக்குச் சாய்வாக வந்து உடையும்போது மணலைக் கரையோரமாகவே ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. இது கரையோர நகர்வு. புயல் காலத்தில் உயரமான அலைகள் மணலைக் கரையிலிருந்து பிடுங்கிச் சில நூறு மீட்டர் தள்ளிக் கடலுக்குள் திட்டாகப் போடுகின்றன. கடல் அமைதியானதும் அதே மணல் மெல்லத் திரும்பி வருகிறது. இது குறுக்கு நகர்வு.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புயலுக்குப் பிறகு 20 மீட்டர் மணல் காணாமல் போனால் ஊரே பதறும். ஆனால் அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத நீரடித் திட்டில்தான் கிடக்கும். சில வாரம் முதல் சில மாதத்துக்குள் திரும்பிவிடும். கரையோர நகர்வில் போன மணலோ, மேல்பக்கத்திலிருந்து, அதாவது மணல் நகர்ந்து வரும் பக்கத்திலிருந்து, புதிது வந்தால் ஒழியத் திரும்பாது.

கரையோர நகர்வின் அளவு, உடையும் அலை உயரத்தின் இரண்டரை அடுக்கில் (2.5 படியில்) ஏறுகிறது. அலை உயரம் இரட்டிப்பானால் நகரும் மணல் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும். ஆண்டு முழுக்க நகரும் மணலில் பெரும்பங்கு சில கொந்தளிப்பான வாரங்களிலேயே நகர்ந்துவிடுவது இதனால்தான். அமைதியான மாதத்தில் வந்து பார்த்துவிட்டு இங்கே மணல் இந்தத் திசையில்தான் போகிறது என்று சொல்பவரின் அறிக்கையை நம்பவேண்டாம்.

வரவு என்பது ஆறு கொண்டுவருவது, கடலோரக் குன்றுகள் கரைந்து கொடுப்பது, மேல்பக்கக் கரையிலிருந்து வருவது, சிப்பியும் பவளமும் நொறுங்கிச் சேர்வது. செலவு என்பது மணல் நகர்ந்து போகும் திசையில் உள்ள கீழ்ப்பக்கக் கரைக்குப் போவது, துறைமுகக் கால்வாயிலும் முகத்துவாரத்திலும் மாட்டிக்கொள்வது, காற்று உள்ளே அடித்துச் செல்வது, மனிதர் அள்ளுவது. நீண்ட காலமாக நிலையாக இருந்த கரை திடீரென்று அரிக்கத் தொடங்கினால், கடல் மட்ட உயர்வைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்தப் பட்டியலில் எது மாறியது என்று தேடுங்கள். பெரும்பாலும் விடை 50 கிலோமீட்டருக்குள் கிடைத்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் டுவீட் ஆற்று முகத்துவாரச் சுவர்கள் 1962 முதல் 1964 வரை கடலுக்குள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணல் நகரும் கரை அது. மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே இருந்த சுற்றுலாக் கரைகள் பட்டினி கிடந்தன. 1967இல் அடுத்தடுத்து வந்த புயல்கள் மீதியையும் வாரிக்கொண்டு போயின. புதுச்சேரியிலும் நடந்தது இதேதான்: 1980களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன, வடக்கே இருந்த நகரக் கடற்கரை மறைந்து கருங்கல் குவியல் மட்டும் மிஞ்சியது. அமெரிக்காவின் ஓஷன் சிட்டியில் 1933 புயல் திறந்துவிட்ட முகத்துவாரத்தைச் சுவர் கட்டி நிலைநிறுத்தினார்கள். அதற்குத் தெற்கே உள்ள அசட்டீக் தீவின் வட முனை சில நூறு மீட்டர் நிலப்பக்கம் பின்வாங்கியது.

அணையும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் தாமதமாக. அஸ்வான் உயர் அணை 1964இல் நைல் நதியை மறித்த பிறகு அந்த நதி கடலில் கலக்கும் ரொசெட்டா முனை வேகமாகக் கரைந்தது. இங்கிலாந்தின் போர்ன்மத் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அந்தக் கரைக்கு மணல் கொடுத்ததே பின்னால் நின்ற குன்றுகள்தான். குன்றடியில் நடைபாதையும் சுவரும் கட்டிக் குன்று கரைவதை நிறுத்தினார்கள். கரைக்கு வரவும் நின்றுபோனது. 1970களிலிருந்து அங்கே வெளியிலிருந்து மணல் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அளப்பது

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொருந்தும். அளவு இல்லாமல் எந்த ஒப்பந்தப் புள்ளியும் கோரவேண்டாம்.

முதல் வாரத்திலேயே செய்யக்கூடியது செயற்கைக்கோள் படங்கள். லேண்ட்சாட் படங்கள் 1984இலிருந்து 30 மீட்டர் துல்லியத்திலும், சென்டினல்-2 படங்கள் 2015இலிருந்து 10 மீட்டர் துல்லியத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பருவத்தில், ஏறக்குறைய ஒரே ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) நிலையில் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். மென்சரிவான கரையில் ஓதம் ஒரு மீட்டர் மாறினாலே கரைக்கோடு 30 மீட்டர் நகர்ந்ததுபோல் தெரியும். இதைக் கவனிக்காமல் பயமுறுத்தும் வரைபடங்கள் நிறையச் சுற்றுகின்றன.

அடுத்தது தரையில் குறுக்குவெட்டு அளவு. சுற்றுலாப் பகுதியில் 100 மீட்டருக்கு ஒன்று, அதற்கு வெளியே இரண்டு பக்கமும் சில கிலோமீட்டர் வரை 500 மீட்டருக்கு ஒன்று என்று கோடுகள் வேண்டும். ஒவ்வொன்றும் மணல் மேட்டுக்குப் பின்னால் அசையாத ஒரு குறிக்கல்லில் தொடங்கவேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, கரை மிக அகலமாக இருக்கும் மாதத்திலும் மிகக் குறுகலாக இருக்கும் மாதத்திலும் அளக்கவேண்டும். பெரும்புயலுக்குப் பிறகு தனியாக ஒரு முறை. நீருக்கடியில் படகிலிருந்து எதிரொலிமானியால், மணல் அசையும் ஆழத்தின் எல்லை வரை அளக்கவேண்டும். திறந்த கடலைப் பார்த்த கரைகளில் அந்த எல்லை பொதுவாக 5 முதல் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும். உலர்ந்த மணலை மட்டும் அளந்தால், திட்டில் கிடக்கும் மணலும் நிரந்தரமாகப் போன மணலும் ஒன்றுபோலத் தெரியும்.

கருவிக்குப் பணம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கே. ஓ. எமரி 1961இல் விவரித்த இரண்டு கோல் முறை இன்றும் போதுமானது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரண்டு நேரான கோல்கள், மேல் நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் கோடு போட்டவை. இடையில் ஒன்றரை மீட்டர் கயிறு. ஒருவர் குறிக்கல்லருகே ஒரு கோலை நட்டுப் பிடிப்பார். மற்றவர் கயிறு விறைப்பாகும்வரை கடல்பக்கம் நகர்ந்து இரண்டாவது கோலைப் பிடிப்பார். பின்னால் நிற்பவர், கடல்பக்கக் கோலின் உச்சி தொடுவானக் கோட்டோடு ஒன்றாகும்படி கண்ணை இறக்கிக்கொண்டு, அந்தப் பார்வைக் கோடு தன் கோலில் எந்த எண்ணில் விழுகிறது என்று படிப்பார். 12 என்று வந்தால் அந்த ஒன்றரை மீட்டருக்குள் மணல் 12 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. கடல்பக்கம் மணல் ஏறினால் மாறாகத் தன் கோலின் உச்சி வழியே பார்த்து முன் கோலில் படிக்கவேண்டும். எண்ணைக் குறித்ததும், முன் கோல் நின்ற அதே புள்ளிக்குப் பின் கோலை நகர்த்தி மறுபடி. நீர்விளிம்பு வரை போனால் ஒரு கோடு முடிந்தது. கோலின் அடி மணலில் புதைவதுதான் இதில் வழக்கமான பிழை. அடியில் ஒரு சிறு தட்டு பொருத்தினால் சரியாகும்.

குறைந்தது ஓராண்டு அளவும் பழைய படங்களும் சேர்ந்தால், ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் இழப்பு என்று ஓர் எண் கிடைக்கும். இனி எல்லா முடிவுகளும் அந்த எண்ணைச் சுற்றித்தான்.

சுவர் கேட்பவர்களுக்கு

சுவர் தனக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தைக் காக்கும். தனக்கு முன்னால் இருக்கும் மணலைக் காக்காது. பின்வாங்கிக்கொண்டிருக்கும் கரையில் சுவர் எழுந்தால் அதன் பின் எல்லை நின்றுவிடும், நீர்விளிம்பு மட்டும் நெருங்கி வரும்; நடுவில் இருந்த மணல் நசுங்கி மறையும். சுவரில் மோதித் திரும்பும் அலை அடி மணலைத் தோண்டும். மணலுக்காக வரும் சுற்றுலாப் பயணியிடம் கருங்கல்லைக் காட்டினால் அந்த விடுதிக்கு என்ன வேலை?

அப்படியும் சுவர் தவிர்க்கமுடியாத இடங்கள் உண்டு: ஒரே சாலை, குடிநீர்க் குழாய், நகர்த்த முடியாத பழைய குடியிருப்பு. அங்கே நல்ல வழி, சுவரை மணல் மேட்டுக்குள் புதைத்து வைப்பது. கோல்ட் கோஸ்ட்டில் பாறைச் சுவர் பெரும்பாலும் மேட்டுக்கடியில்தான் கிடக்கிறது. பெரும்புயல் மேட்டைத் தின்றால் மட்டுமே வெளியே தெரியும், பிறகு மணல் போட்டு மூடிவிடுவார்கள். அதாவது அது கடைசிக் காப்பு. முதல் காப்பு முன்னால் இருக்கும் மணல்.

கற்சுவர் கட்டுவதென்றால் கெடும் இடங்கள் நான்கு. முதலாவது கல்லின் எடை. தேவையான எடை அலை உயரத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 1:2 சரிவில், உடையும் அலையில், சொரசொரப்பான உடைகல்லுக்கு ஹட்சன் சூத்திரப்படி 2 மீட்டர் அலைக்குச் சுமார் 1.3 டன் கல் வேண்டும். 3 மீட்டர் அலைக்கு 4.5 டன். லாரியில் வந்த அரை டன் கல்லைக் கொட்டினால் முதல் பருவத்திலேயே கடற்கரை முழுக்கச் சிதறி, குளிப்பவர்களின் காலை உடைக்கும். இரண்டாவது வடிகட்டி அடுக்கு. பெரிய கல்லுக்கும் மணலுக்கும் நடுவில் சிறுகல் அடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் இல்லையென்றால், ஒவ்வொரு அலையும் இடுக்கு வழியாகப் பின் மணலை உறிஞ்சும். மேலே நடைபாதைக் கற்கள் ஒருநாள் குழிவிழும்போதுதான் விஷயம் தெரியவரும். மூன்றாவது அடித்தளம். சுவரடியில் அலை உயரத்துக்குச் சமமான ஆழம் வரை மணல் தோண்டப்படலாம் என்று எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்கு அடியை இறக்கவோ, சரிந்து விழுந்து குழியை மூடும்படி கூடுதல் கல்லை முன்னால் பரப்பவோ வேண்டும். நான்காவது முனை. சுவர் முடியும் இடத்துக்கு அடுத்த மனையில் அரிப்பு கூடும். கடல் அந்த வழியே சுற்றிவந்து சுவரின் முதுகைத் தாக்கும். முனையை நிலப்பக்கம் மடக்கி உள்ளே கொண்டுபோகவேண்டும். ஒவ்வொரு விடுதியும் தன் மனைக்கு மட்டும் தனித்தனியாகச் சுவர் கட்டும் பழக்கம் மிக மோசமாக முடிவது இதனால்தான்: எத்தனை சுவரோ அதைப்போல இரண்டு மடங்கு முனைகள்.

தூண்டில் வளைவும் அலைதடுப்பும்

தூண்டில் வளைவு புதிதாக மணலை உண்டாக்காது. கரையோரமாகப் போகும் மணலைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். நகர்வே இல்லாத கரையிலும், குறுக்கு நகர்வில் மணல் போகும் கரையிலும் அது சும்மா நிற்கும். நகர்வு உள்ள இடத்தில் அது பிடிக்கும் ஒவ்வொரு கன மீட்டரும் கீழ்ப்பக்கக் கரைக்குப் போகவேண்டியது. ஆகவே கட்டியவுடன் இடைவெளிகளை வெளி மணலால் நிரப்பிவிடவேண்டும். நிரம்பிய வளைவுகளைச் சுற்றி மணல் தொடர்ந்து கடந்துபோகும். இயற்கையே நிரப்பட்டும் என்று விட்டால், அது நிரம்பும் வரை பக்கத்து ஊர் பட்டினி. இடைவெளி பொதுவாக வளைவின் நீளத்தைப்போல 2 முதல் 3 மடங்கு. வரிசையின் கீழ்க் கோடியில் உள்ள கடைசி மூன்று நான்கைப் படிப்படியாகக் குட்டையாக்கவேண்டும். சட்டென்று முடித்தால் அடுத்த கரையில் வில்போல ஒரு வெட்டு விழும்.

கரைக்கு இணையாகக் கடலில் கட்டும் தனி அலைதடுப்பில் நீளத்துக்கும் கரையிலிருந்து உள்ள தொலைவுக்கும் இடையிலான விகிதம்தான் விளைவைத் தீர்மானிக்கும். நீளம் தொலைவைவிட அதிகமானால் பின்னால் மணல் வளர்ந்து தடுப்பையே தொட்டுவிடும், கரையோர நகர்வு அடைபடும். தொலைவில் பாதிக்கும் குறைவானால் ஒன்றும் பெரிதாக நடக்காது. நடுவில் இருக்கும் விகிதங்களில் மென்மையான ஒரு புடைப்பு உருவாகும். சுற்றுலாக் கரைக்கு அதுவே நல்லது. பின்னால் நீர் தேங்கிப் பாசியும் நாற்றமும் சேரும் ஆபத்தையும் கணக்கில் எடுங்கள்.

நீரில் மூழ்கியிருக்கும்படி கட்டும் செயற்கைத் திட்டு காட்சியைக் கெடுக்காது என்பதால் விடுதிக்காரர்களுக்குப் பிடிக்கும். கோல்ட் கோஸ்ட்டின் நாரோநெக்கில் 1999-2000இல் மணல் நிரப்பிய ராட்சதப் பைகளால் ஒன்று கட்டினார்கள். புதுச்சேரியில் 2018இல் எஃகால் ஆன ஆப்பு வடிவத் திட்டை வடகோடியில் இறக்கி, மணலும் போட்டு, நகரக் கடற்கரையில் மறுபடி மணல் சேர்ந்தது. ஆனால் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் 1990களின் தொடக்கத்தில் போட்ட தொடர் கான்கிரீட் திட்டு எதிர்மாறாக வேலை செய்தது. அதைத் தாண்டி உள்ளே வந்த நீர் திரும்பக் கடலுக்குப் போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடியது, ஓடும்போது மணலையும் இழுத்துப் போனது. 1995இல் அதை எடுத்துவிட்டார்கள். மூழ்கிய திட்டுக்குப் பின்னால் போகும் நீர் எந்த வழியாக வெளியேறும் என்று வடிவமைப்பாளர் காட்டாதவரை கையெழுத்திடவேண்டாம். அந்த வெளியேற்ற வழிதான் குளிப்பவர்களை உள்ளே இழுக்கும் நீரோட்டமாகவும் மாறும். உயிர்காப்பாளர் கோபுரத்தை அதற்கேற்ப வைக்கவேண்டும்.

மணல் நிரப்புவது

பெரும்பாலான சுற்றுலாக் கரைகளுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஒரு நிபந்தனை: இதைச் சாலை பராமரிப்பைப்போலத் தொடர் செலவாக ஒப்புக்கொள்ளவேண்டும். மயாமி பீச்சில் 1970களின் நடுவில் விடுதிச் சுவர்களுக்கு முன்னால் மணலே அரிதாக இருந்தது. 1976 முதல் 1981 வரை சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் போட்டார்கள். அந்த நகரம் மறுபடி எழுந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பிறகும் அங்கங்கே நிரப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நெதர்லாந்து 1990இலிருந்து தன் கரைக்கோட்டை மணலாலேயே காக்கிறது. 2011இல் ஒரே இடத்தில் 215 லட்சம் கன மீட்டரைக் குவித்து, அலையும் காற்றும் அதைப் பரப்பட்டும் என்று விட்டது.

எவ்வளவு மணல் வேண்டும் என்ற கணக்கு எளிது, தப்பாகப் போடப்படுவதும் இங்கேதான். உலர்ந்த கரையை 30 மீட்டர் அகலப்படுத்தவேண்டும், மேல் மணல்பரப்பு கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே, மணல் அசையும் எல்லை 6 மீட்டர் ஆழம் என்று கொள்வோம். 30 × 2 = 60 என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். நீருக்கடியில் உள்ள சரிவும் சேர்ந்தே முன்னால் நகரவேண்டும்: 30 × (2 + 6) = 240 கன மீட்டர், ஒவ்வொரு மீட்டர் கரைக்கும். 2 கிலோமீட்டருக்கு 4.8 லட்சம். அளவீட்டில் ஆண்டு இழப்பு 40,000 கன மீட்டர் என்று தெரிந்தால், ஐந்தாண்டுக்கான முன்நிரப்பு 2 லட்சம். மொத்தம் 6.8 லட்சம். 10 கன மீட்டர் லாரியில் இது 68,000 நடை. விடுதிச் சாலைகளில் நடக்காத காரியம். கடலிலிருந்து உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்து குழாய் வழியே கரைக்குத் தள்ளும் தூர்வாரும் கப்பல்தான் இந்த அளவுக்குத் தீர்வு.

மணலின் பருமன் அளவைவிட முக்கியம். பருமணல் செங்குத்தாக நிற்கும், நுண்மணல் நீண்டு படுக்கும். 0.3 மில்லிமீட்டர் மணல் 6 மீட்டர் ஆழத்தைச் சுமார் 330 மீட்டர் தொலைவில் தொடும், 0.2 மில்லிமீட்டர் மணலுக்கு அதே ஆழத்தைத் தொடச் சுமார் 465 மீட்டர் வேண்டும். 0.3 உள்ள கரையில் 0.2ஐக் கொட்டினால், அத்தனையும் நீருக்கடியில் படுத்துவிடும். உலர்ந்த கரை ஒன்றும் மிஞ்சாது. ஆகவே போடும் மணல் இருக்கும் மணலுக்குச் சமமாகவோ சற்றே பருமனாகவோ இருக்கவேண்டும். ரொம்பப் பருமனானால் கரை செங்குத்தாகி, அலை கரையிலேயே உடைந்து குழந்தைகளைப் புரட்டும். சேறும் வண்டலும் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. மிஞ்சினால் நீர் மாதக்கணக்கில் கலங்கும், பவளமும் கடற்புல்லும் மூச்சுத் திணறும். நிறத்தையும் பாருங்கள்: கருமணல் சூடேறும், காலும் சுடும், ஆமை முட்டையில் பெண் குஞ்சுகளின் விகிதத்தையும் மாற்றும்.

எங்கே தோண்டுவது? மணல் அசையும் எல்லைக்கு வெளியே, போதிய ஆழத்தில். கிட்டத்தில் தோண்டினால் அந்தக் குழியை நிரப்பக் கரையிலிருந்தே மணல் போகும். லூசியானாவின் கிராண்ட் ஐல் தீவில் 1980களில் கரைக்கு அருகே தோண்டிய குழிகள் அலையின் திசையைத் திருப்பி, கரையில் சில இடத்தில் புடைப்பையும் பக்கத்தில் கடும் அரிப்பையும் உண்டாக்கின. இங்கிலாந்தின் ஹால்சாண்ட்ஸ் கிராமத்தின் முன்னால் 1897 முதல் 1902 வரை கப்பல்தள விரிவாக்கத்துக்காகக் கூழாங்கல் அள்ளினார்கள்; கரை இறங்கியது, 1917 ஜனவரிப் புயல் கிராமத்தையே அழித்தது.

போட்டு முடித்த முதல் ஆண்டில் ஒரு பெரிய மனக்கசப்பு வரும். இயந்திரம் மணலை உலர்ந்த பகுதியில் அகலமாகக் குவித்திருக்கும். அலை அதில் ஒரு பாதியை நீருக்கடியில் தன் இயல்பான சரிவுக்குக் கொண்டுபோகும். 70 மீட்டராக இருந்தது 35 ஆகும். கோடிக்கணக்கில் செலவழித்தது கடலுக்குப் போச்சு என்று தலைப்புச் செய்தி வரும். உண்மையில் திட்டமே அந்த 35தான். இதை வேலை தொடங்கும் முன்பே பொது இடத்தில் படம் போட்டுக் காட்டுங்கள்.

நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. நிரப்பிய பகுதி இரண்டு முனைகளிலும் பரவிக் கரைகிறது. அதன் ஆயுள் நீளத்தின் வர்க்க அளவில் ஏறும். அதே அலையில், அதே அகலத்தில், 500 மீட்டர் நிரப்பு ஆறு மாதம் தாங்கினால், 2 கிலோமீட்டர் நிரப்பு எட்டு ஆண்டு வரை தாங்கலாம். (நிரப்புவதற்கு முன்பிருந்தே நடந்துவரும் அரிப்பு இதற்கு மேல் தனி.) ஒற்றை விடுதி தன் முன்னால் மட்டும் மணல் கொட்டினால் அது ஒரு பருவத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடுவது இதனால்தான். கூட்டாகச் செய்யவேண்டிய வேலை இது.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கட்டாயம். பணம் கப்பலில் ஏற்றிய அளவுக்கு அல்ல, வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த குறுக்குவெட்டின் வித்தியாசத்துக்கு. ஆமை முட்டையிடும் பருவத்தில் வேலை இல்லை; முடிந்ததும் இறுகிய மணலை உழுது தளர்த்தி, அலை வெட்டிய செங்குத்து விளிம்பு அரை மீட்டரைத் தாண்டும் இடங்களில் சரித்துவிடவேண்டும். ஒரே நேரத்தில் மூடும் பகுதி 300 மீட்டருக்குள். மற்ற இடம் பயணிகளுக்குத் திறந்திருக்கவேண்டும்.

துறைமுகச் சுவரோ முகத்துவாரச் சுவரோ காரணம் என்று கண்டுபிடித்திருந்தால் புதுமணல் தேடவே வேண்டாம். தேங்கிய பக்கத்திலிருந்து பட்டினிப் பக்கத்துக்கு மணலைத் தாண்டிவிட்டால் போதும். டுவீட்டில் 2001இலிருந்து கடலுக்குள் நீளும் ஒரு பாலத்தின் கீழ் வரிசையாக உள்ள பீச்சுக்குழாய்கள் மணலை உறிஞ்சி ஆற்றுக்கடியில் போகும் குழாய் வழியாக வடக்கே அனுப்புகின்றன. ஆரம்ப ஆண்டுகளில் அதிகமாக அனுப்பியதில் கிர்ரா கரை மிதமிஞ்சி அகலமாகி, பெயர்பெற்ற அலைச்சறுக்கு இடம் மணலில் புதைந்தது. பிறகு அளவைக் குறைத்தார்கள். தாண்டிவிடும் அளவு இயற்கை நகர்வோடு ஒத்துப்போகவேண்டும். எந்தத் துறைமுகமாவது கால்வாயில் தூர்வாரிய நல்ல மணலை ஆழ்கடலில் கொட்டினால், அதை முதலில் நிறுத்தவைப்பதே பெரிய சாதனை.

மணல் மேடும் விடுதிகளின் பழக்கங்களும்

மணல் மேடு புயலுக்கான சேமிப்பு. காட்சியை மறைக்கிறது என்று அதைத் தட்டையாக்கிய விடுதிதான் அடுத்த புயலில் முதலில் கல்லுக்கு அலைகிறது. மேட்டை மறுபடி வளர்க்கப் பெரிய செலவில்லை. வழக்கமான பருவ அலை தொடும் எல்லைக்கு மேலே, ஒரு மீட்டர் உயர வேலி, பாதிக்குப் பாதி இடைவெளி விட்ட மரச்சட்டங்களாலோ ஓலையாலோ போடுங்கள். முழுக்க அடைத்த வேலி பயன்படாது. காற்று சுழன்று அடியைத் தோண்டும். வேலி மணலில் புதைந்ததும் மேலே அடுத்தது. வெப்பக் கரைகளில் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நட்டால் அவை மணலோடு சேர்ந்தே உயரும். சவுக்கு வேண்டாம்: அதன் நிழலில் கீழே எதுவும் வளராது, விளிம்பு அரிக்கும்போது மரம் வேரோடு சாய்ந்து மணலையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

நடைவழிகளை மேட்டின் மேல் தூக்கிக் கட்டுங்கள். தரையில் என்றால், வீசும் காற்றுக்குக் குறுக்காக வளைத்துப் போடுங்கள். நேராக வெட்டிய பாதை காற்றுக்கும் புயல் நீருக்கும் வாசல்.

விடுதி மழைநீர்க் குழாய் கரையில் திறந்தால் மூடுங்கள். ஒரு கனமழை வெட்டும் ஓடையை நிரப்பப் பல வாரமாகும். தோட்டப் பாசனமும் கழிவுநீர்த் தொட்டிக் கசிவும் கரை மணலை ஈரமாகவே வைத்திருக்கின்றன. ஊறிய மணலில் அலைநீர் உறிஞ்சப்படாமல் அப்படியே திரும்பி ஓடி மணலை இழுத்துப்போகும். காலையில் டிராக்டரால் கடற்பாசியை வாரும்போது மணலும் சேர்ந்து போகிறது. குப்பையைக் கையால் பொறுக்கி, பாசியை மேட்டடியில் ஒதுக்கிவிட்டால் அதுவே வேலியாகி மணலைப் பிடிக்கும்.

புயலுக்குப் பின், இடம்பெயர்வு

புயல் ஓய்ந்த மறுநாள் கல் லாரிகள் வரத் தொடங்கும். பொறுங்கள். முதல் இரண்டு நாளில் எல்லாக் குறுக்குவெட்டுகளையும் அளங்கள், மின்கம்பியும் இடிபாடும் அகற்றுங்கள், ஆபத்தான படிகளை மூடுங்கள். அடித்தளம் உண்மையாகவே வெளியே தெரியும் கட்டடத்துக்கு மட்டும் மணல் நிரப்பிய ஜியோடெக்ஸ்டைல் பைகளைத் தற்காலிகமாக வையுங்கள். எடுக்கவேண்டிய தேதியை அனுமதியிலேயே எழுதுங்கள். வெயிலும் கத்தியும் பையின் எதிரிகள் என்பதால் மணலால் மூடியே வைக்கவேண்டும். அவசரத்தில் கொட்டிய கல்லை யாரும் திரும்ப எடுத்ததில்லை என்று சொல்லும் அளவுக்கு அரிதாகத்தான் எடுக்கிறார்கள்.

கடல்மட்டம் உயர்வதால் நீண்ட காலத்தில் எல்லாக் கணக்கும் இறுகும். பெர் புரூன் 1962இல் முன்வைத்த விதிப்படி மணற்கரை, மட்ட உயர்வைப்போல 50 முதல் 100 மடங்கு பின்வாங்கும். 10 சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 மீட்டர். விதியின் துல்லியத்தில் கருத்து வேறுபாடு நிறைய உண்டு, குறைந்தபட்ச எச்சரிக்கையாக அது போதும். ஆகவே புதுக் கட்டடம் கரையிலிருந்து தள்ளி நிற்கவேண்டிய விலகல் தூரத்தை இப்படி வையுங்கள்: அளந்த ஆண்டு அரிப்பு × கட்டடத்தின் ஆயுள், அதோடு ஒரு பெரும்புயல் தின்னும் அகலம், அதோடு மேடு நிற்க இடம். ஆண்டுக்கு 0.6 மீட்டர், 50 ஆண்டு, புயலுக்கு 25 மீட்டர், மேட்டுக்கு 15 மீட்டர் என்றால் 70 மீட்டர். இருக்கும் விடுதிகளில் முன்வரிசையில் உள்ள குளம், மதுக்கூடம், சாப்பாட்டுக்கூடம் போன்றவற்றை அடுத்த புதுப்பிப்பின்போது பின்னால் கொண்டுபோய், முன்னால் கழற்றி எடுக்கக்கூடிய மர அமைப்புகளை மட்டும் வைக்கலாம். அமெரிக்காவின் கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கத்தையே 1999இல் முழுசாக 880 மீட்டருக்கு மேல் உள்ளே நகர்த்தினார்கள்.

கடைசியாக, இன்றே எழுதிவைக்கவேண்டிய எண்கள் இரண்டு. உலர்ந்த கரையின் சராசரி அகலம் எத்தனை மீட்டருக்குக் கீழே போனால் மறுநிரப்பு தொடங்கும், அதற்கான நிதியில் விடுதிகள், உள்ளாட்சி, துறைமுகம் ஒவ்வொன்றும் எத்தனை பங்கு தரும். 15 மீட்டர் என்று முதலில் ஒப்புக்கொண்டால், 16 வந்ததும் ஒப்பந்தப் புள்ளி கோரலாம்; கப்பல் வர ஓராண்டு ஆகும் என்பதையும் சேர்த்து, பாதுகாப்பாக 18இலேயே தொடங்குவது மேல்.